ராமநாதபுரம் கரையில் மூன்று நாள்: எந்த ஊரில் எத்தனை ராத்திரி?

காலாண்டுப் பரீட்சை லீவு நெருங்கினால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். வேலைக்காக ராமநாதபுரம் வந்து பதினோரு வருடம் ஆகிறது, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் சம்பளம் இல்லாத வழிகாட்டி. இந்தத் தடவை கூப்பிட்டது தாம்பரத்தில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர்.

"மாப்ள, வெள்ளிக்கிழமை காலைல ரயில்ல வந்து இறங்குறோம், ஞாயித்துக்கிழமை ராத்திரி கிளம்பிருவோம். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, ஏர்வாடி, கீழக்கரை, அப்புறம் படகுல காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்களாமே, அது. எல்லாம் பார்த்துரலாம்ல?"

"பார்த்துரலாம் மச்சான், வேன் ஜன்னல் வழியா."

அவர் சிரிக்கவில்லை. பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மணிக்கணக்கு வேறு. தேவிபட்டினம் 20 நிமிடம், கீழக்கரை 30 நிமிடம். முதல் தடவை வருகிற யாருமே இப்படித்தான் போடுகிறார்கள், நானும் வந்த புதிதில் என் அப்பா அம்மாவை இப்படித்தான் ஒரே நாளில் ஆறு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடி, ஆறாவதில் அம்மா வண்டியை விட்டே இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கிலோமீட்டர் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது போடுவது விடியற்காலைக் கணக்கு.

அது இப்படி. இந்தப் பக்கம் வெயில் சும்மா வெயில் இல்லை. நிழல் என்று சொல்லிக்கொள்ளப் பனைமரமும் கருவேலமும்தான். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். ராமேஸ்வரத்தில் ஒரு மணிக்குச் சாத்தினால் திரும்பத் திறப்பது மூன்று மணிக்கு. தனுஷ்கோடியில் பதினொரு மணிக்கு மேல் மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஆக மூன்று நாள் லீவு என்றால் உங்கள் கையில் உருப்படியாக இருப்பது மூன்று காலை, மூன்று சாயங்காலம், அவ்வளவுதான். நடுப்பகல் என்பது சாப்பிட, தூங்க, ஊர் மாற. எந்த ஊரில் ராத்திரி தங்குகிறீர்களோ அந்த ஊரின் விடியற்காலைதான் உங்களுக்குக் கிடைக்கும், அதனால்தான் எத்தனை ஊர் என்பதைவிட எங்கே எத்தனை ராத்திரி என்று முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன்.

இன்னொன்று, படத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். தூரமும் உண்மையில் ஒன்றும் பெரிதில்லை. ராமநாதபுரத்தை நடுவில் வைத்தால் தேவிபட்டினம் 15 கி.மீ., திருப்புல்லாணி 10 கி.மீ., கீழக்கரை 17 கி.மீ. சுமார். ஆனால் தேவிபட்டினம் வடக்கே, மற்ற இரண்டும் தெற்கே. ராமேஸ்வரம் மட்டும் கிழக்கே 55 கி.மீ. தள்ளி, கடலுக்குள் நீட்டிக்கொண்டு. அங்கே போகவும் வரவும் ஒரே ரோடு, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். பாலத்தில் வண்டி நிறுத்தக்கூடாது என்று எழுதியிருந்தாலும் சனி ஞாயிறுகளில் எல்லாரும் நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள், பின்னால் அரை கிலோமீட்டருக்கு வரிசை நிற்கும். ஆகவே தீவுக்குள் ஒரு தடவை போனால் அங்கே உள்ள வேலையை எல்லாம் முடித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இரண்டு தடவை பாலம் ஏறி இறங்குகிற திட்டம் எது வந்தாலும் நான் முதலில் அதை அடித்துவிடுவேன்.

சரி, மூன்று நாள், இரண்டு ராத்திரி. எப்படியெல்லாம் பிரிக்கலாம்?

இரண்டு ராத்திரியும் ராமேஸ்வரத்திலேயே போடுவது பெரும்பாலானோர் செய்வது. பெரியவர்கள் கூட வந்தால் நானும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ராமேஸ்வரம் கோயில் ஒரே காலையில் முடிகிற காரியம் இல்லை. ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், ஒரு மணி நேரம்தான் இருக்கும், அதற்கு நாலு மணிக்கே எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணறு கிணறாக நடந்து, வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ருசி வேறு என்பார்கள், எனக்கு மூன்றாவதுக்கு மேல் குளிர்தான் தெரிந்தது. ஈரத்துணியோடு சாமி பார்க்க விடமாட்டார்கள், மாற்றுத்துணி மறந்தால் அறைக்கு ஓட வேண்டியதுதான். இதெல்லாம் முடிந்த பிறகாவது மூன்றாம் பிராகாரத்தை நின்று பார்க்கத் தெம்பு இருக்க வேண்டும். 1212 தூண்கள், 18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் ராஜா முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. சாயங்காலம் கூட்டம் வடிந்த பிறகு ஒரு மூலையில் நின்று அந்த நீளத்தைப் பார்த்தால்தான் அது என்னவென்று புரியும், காலையில் ஈரத்துணியோடு ஓடும்போது அது வெறும் வழுக்கும் தரை.

அதனால் தீவில் இரண்டு விடியற்காலை கிடைத்தால் ஒன்று கோயிலுக்கு, ஒன்று தனுஷ்கோடிக்கு. கணக்கு அழகாகப் பொருந்தும். குறை என்னவென்றால் ராமேஸ்வரத்தில் நடுப்பகல் நேரத்தை ஓட்டுவது கொஞ்சம் கஷ்டம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் (2017இல் திறந்தது), பள்ளிவாசல் தெருவில் அவர் வீடு, குந்துகாலில் விவேகானந்தர் மண்டபம், இதையெல்லாம் ஒரு மதியத்தில் சுற்றிவிடலாம். இரண்டாவது மதியம் அறையில் ஃபேன் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். கோயிலைச் சுற்றி சைவச் சாப்பாடுதான் அதிகம், மீன் வேண்டுமென்றால் பாம்பன் பக்கமோ தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளுக்கோ போக வேண்டும்.

இரண்டாவது வழி, ராமநாதபுரத்திலேயே அறை போட்டுவிட்டு தினம் ஒரு திசை போய்வருவது. பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிடலாம், அறை வாடகையும் லீவு நாளில் தீவு அளவுக்கு ஏறாது, பஸ் எல்லாப் பக்கமும் இருக்கிறது. மச்சானுக்கு இதுதான் பிடித்தது. ஆனால் இதில் தீவின் விடியற்காலை கைவிட்டுப் போய்விடும். மூன்றரை மணிக்குக் கிளம்பினால் பிடிக்கலாம் என்று டிரைவர்கள் சொல்வார்கள், குழந்தைகளோடு ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள், அப்புறம் பேசலாம். ராமநாதபுரத்தில் தங்கி ராமேஸ்வரத்தை ஒரு பகலில் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாருமே என்னிடம் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "கூட்டம், வெயில்." அவர்கள் போனது பதினொரு மணிக்கு.

ராத்திரிக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டே போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள், முதல் நாள் ராமேஸ்வரம், மறுநாள் கீழக்கரையோ ஏர்வாடியோ, அப்புறம் தொண்டி. நாலு ராத்திரி இருந்தால் யோசிக்கலாம். இரண்டு ராத்திரிக்கு வேண்டாம், பெட்டி கட்டுவதிலேயே லீவு போய்விடும்.

நான் மச்சானுக்குச் சொன்னது ஊருக்கு ஒன்று: முதல் ராத்திரி ராமேஸ்வரம், இரண்டாவது ராமநாதபுரம். இதில் முக்கியமான விஷயம் டிக்கெட். போகும்போது ராமேஸ்வரம் வரை எடுங்கள், திரும்பும்போது ராமநாதபுரத்திலிருந்து எடுங்கள். அவர் போகவர இரண்டுமே ராமேஸ்வரத்துக்கு எடுத்து வைத்திருந்தார், அப்படியே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் ரயில் ஏறுவதற்கென்றே 55 கி.மீ. திரும்பத் தீவுக்குள் போயிருக்க வேண்டும், அதே ரயில் ஒரு மணி நேரம் சொச்சத்தில் ராமநாதபுரத்துக்கே வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஏறும் இடத்தை மாற்றச் சொன்னேன், ஆன்லைனிலேயே மாற்றிவிட்டார்.

இப்படிச் செய்தால் பாம்பனை ரயிலில் ஒரு தடவையும் ரோட்டில் ஒரு தடவையும் கடக்கலாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது, இரண்டு வருடத்துக்கு மேல் எல்லாரும் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகுதான் திரும்ப ரயில் தீவுக்குப் போகிறது. பழையதில் நடுப்பகுதி இரண்டு பக்கமும் கை தூக்குவது மாதிரி விரிந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல மேலே ஏறும். கப்பல் போகும் நேரம் வாய்த்தால் பார்க்கலாம், அதற்காகக் காத்திருந்து லீவைச் செலவழிக்க வேண்டாம். ரயில் பாலத்தை எந்த நேரத்தில் கடக்கிறது என்று மட்டும் பார்த்து டிக்கெட் எடுங்கள். இருட்டில் கடந்தால் கீழே கடல் இருக்கிறதா கண்மாய் இருக்கிறதா என்றே தெரியாது. பாலத்தை நின்று பார்க்கச் சரியான இடம் 1988இல் திறந்த ரோட்டுப் பாலம்தான், அதனால்தான் திரும்பும்போது ரோட்டில் வரச் சொல்வது.

ஒரே ஒரு விடியற்காலைதான் தீவில் இருக்கிறது, அதை யாருக்குக் கொடுப்பது, ஸ்படிக லிங்கத்துக்கா தனுஷ்கோடிக்கா? இங்கே நான் கறாராகவே சொல்வேன்: தனுஷ்கோடிக்கு. தீர்த்தமும் தரிசனமும் வந்து இறங்குகிற அன்று காலையிலேயே, ஒன்பது பத்து மணிக்குக் கூட முடித்துக்கொள்ளலாம், கூட்டம் இருக்கும், ஆனால் முடியும். தனுஷ்கோடியைப் பகலில் பார்ப்பது பார்ப்பதே இல்லை. சாயங்காலம் போகலாம் என்றால் ஐந்து மணிவாக்கில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், போனவர்களையும் இருட்டுவதற்கு முன் விரட்டிவிடுவார்கள். விடிகிற நேரம் போங்கள். ஒரு பக்கம் வடகடல், குளம் மாதிரி கிடக்கும், இன்னொரு பக்கம் தென்கடல், இரைந்துகொண்டே இருக்கும். பெண் கடல், ஆண் கடல் என்று இங்கே சொல்வார்கள். நடுவில் ரோடு மட்டும். வாடைக்காற்று காலத்தில் இது தலைகீழாகும், பெண் கடல் ஆடும், ஆண் கடல் அடங்கும்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி வந்த புயலுக்கு முன்னால் அது ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் இருந்தது. சென்னையில் டிக்கெட் எடுத்தால் ரயிலிலும் கப்பலிலும் ஏறிக் கொழும்பு வரை போகலாம். அன்று பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு போய்விட்டது. இடிந்த சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. 2017க்கு முன்னால் அரிச்சல்முனைக்கு மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும், இப்போது தார்ரோடு கடைசி வரை. ரோடு முடியும் இடத்திலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ.தான், ராமநாதபுரம் அதைவிட இரண்டு மடங்கு தூரம். அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும், இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும் இடம். போகும் வழியில் கோதண்டராமர் கோயில், புயலில் தப்பியது, திரும்பும்போது ஏறிவிட்டு வரலாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று வருபவர்களுக்கு இந்தப் பிரிவினையில் இன்னொரு லாபம். வெள்ளி ராத்திரி தீவில் இருந்துவிட்டு, சனிக்கிழமை விடியலில் தனுஷ்கோடி பார்த்துவிட்டு, பத்து பத்தரைக்குப் பாலம் இறங்கினால், மதுரையிலிருந்து வருகிற கூட்டம் எல்லாம் எதிர்ப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். மச்சான் பாலத்தின் நடுவில் நின்று (ஆமாம், அவரும் நிறுத்தினார்) அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் என் கணக்கை நம்பினார்.

இரண்டாவது பாதியை எப்படிச் செலவழிப்பது? ராமநாதபுரம் ஊருக்குள் பார்க்க ஒன்றே ஒன்றுதான், ராமலிங்க விலாசம் அரண்மனை. வெயிலில் போக ஏற்ற இடம் அது, உள்ளே குளிர்ச்சி. கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம், சுவர் முழுக்க ஓவியம்: ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், ராஜாவைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள் ஒரு பக்கம். வெள்ளைக்காரன் தொப்பியையும் கால்சட்டையையும் நம் ஊர் ஓவியர் எப்படிப் பார்த்திருக்கிறார் என்பதற்காகவே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். ராமேஸ்வரம் பிராகாரத்தைப் பார்த்த அடுத்த நாளே இதைப் பார்த்தால் சேதுபதிகள் யார் என்பது தானாக விளங்கும்.

அங்கிருந்து கீழக்கரை. இந்தக் கரையிலேயே எனக்குப் பிடித்த ஊர் எது என்றால் இதைத்தான் சொல்வேன், ஆனால் பட்டியல் போடுபவர்கள் இதற்குத்தான் 30 நிமிடம் கொடுக்கிறார்கள். முத்துக்குளித்த ஊர், சங்கு எடுத்த ஊர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அந்தச் சீதக்காதி இந்த ஊர்க்காரர், 17ஆம் நூற்றாண்டு வணிகர், கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். ஜும்மா பள்ளிவாசல் முழுக்கக் கல். தூணையும் போதிகையையும் பார்த்தால் முதல் நாள் கோயில் மண்டபத்தில் பார்த்த கைவேலை போலவே இருக்கும். அதன் அருகில்தான் சீதக்காதி அடக்கமும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், தொழுகை நேரம், கடைகளும் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேடுவதும் சிரமம். மற்ற நாளில் மதியச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது தொதல் வாங்குங்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு மணிக்கணக்காகக் கிண்டுவது, கறுப்பாக, அல்வா மாதிரி இருக்கும், அல்வா இல்லை. அக்கா ஒரு கிலோ வாங்கினாள், ராமநாதபுரம் வருவதற்குள் கால் கிலோ குறைந்திருந்தது, யார் தின்றது என்று இன்று வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை இருந்தால் போங்கள், கீழக்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். சும்மா வேடிக்கை பார்க்க என்றால் வேண்டாம். மனநோயாளிகளைக் கொண்டுவந்து குணமாக வேண்டும் என்று குடும்பம் குடும்பமாகக் காத்திருக்கும் இடம் அது, அங்கே ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருப்புல்லாணியா தேவிபட்டினமா என்றால், முதல் தடவைக்குத் திருப்புல்லாணி. கீழக்கரையிலிருந்து திரும்பும் வழியிலேயே இருக்கிறது, சாயங்காலம் நடை திறந்ததும் ராமர் தர்ப்பையில் படுத்திருக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு, 4 கி.மீ. தள்ளி சேதுக்கரையில் வெயில் இறங்க உட்காரலாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது நவக்கிரகக் கல்லும் தண்ணீர் ஏறினால் முங்கிவிடும், மேடை மேல் நடந்து போய்ச் சுற்றிவிட்டு வரலாம், பரிகாரம் செய்ய வருபவர்களுக்கு அது பெரிய தலம். எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு இல்லாமல் பார்க்க மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அமாவாசை அன்று இரண்டு ஊர்ப் பக்கமும் தலைவைக்காதீர்கள், அதுவும் ஆடி, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

உத்தரகோசமங்கை விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று சொல்கிற அளவுக்குப் பழைய கோயில், மாணிக்கவாசகர் பாடியது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் போவது மரகத நடராஜருக்காக, அவர் வருடம் முழுக்கச் சந்தனக்காப்பில்தான் இருப்பார், களைவது மார்கழித் திருவாதிரைக்குத்தான். அதற்கென்று ஒரு லீவு எடுத்து வாருங்கள் என்று மச்சானிடம் சொல்லி அதையும் அடித்தேன்.

மீதி இருந்தது படகுக்காடு. அது காரங்காடு, தொண்டி போகிற வழியில், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவது. நிதானமாகச் செய்தால் ஒரு காலை முழுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அக்கா பையன் வேறு மாதிரி முடிவு செய்துவிட்டான். அவனுக்குக் கடலில் இறங்க வேண்டும். தனுஷ்கோடியில் வேண்டாம் என்றோம், சேதுக்கரையில் வேண்டாம் என்றோம், பத்து வயதுப் பையன் எவ்வளவுதான் பொறுப்பான்? உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வடகடல், இடுப்பளவுத் தண்ணீர் ரொம்ப தூரத்துக்கு, பின்னால் சவுக்குத் தோப்பு. பத்து மணி வரை வெளியே வரவில்லை. குழந்தைகளோடு வருபவர்கள் ஒரு காலையை இதற்கென்றே முதலிலேயே எழுதிவிடுங்கள், கோயில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது.

ஞாயிறு ராத்திரி ராமநாதபுரம் ஸ்டேஷனில் மச்சான் பட்டியலைத் திறந்து, பார்க்காததை எண்ணினார். தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, ஏர்வாடி, காரங்காடு. நாலு.

"படகை விட்டுட்டமே மாப்ள."

"தை மாசம் வாங்க மச்சான், பறவையெல்லாம் வந்திருக்கும். வந்தா ராமேஸ்வரம் பக்கமே போக வேண்டாம், நேரா இங்க இறங்குங்க."

"பொங்கலுக்கு டிக்கெட் எப்பத் திறக்கும்?"

"60 நாளைக்கு முன்னாடி, காலைல எட்டு மணிக்கு."

நவம்பர் மாதத்தில் ஒரு தேதிக்கு அலாரம் வைத்துக்கொண்டிருந்தார், ரயில் வந்துவிட்டது.